ஈரச் சாக்கின் கீழ் ஒரு நாள்

பெல்லம்பள்ளி,
12-11-1973

அன்புள்ள சக்கரபாணி,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. ஏழு வருஷமாகிறது. நீ இன்னும் அதே முதலாளியிடம்தான் இருக்கிறாய் என்று மங்கலம்பேட்டையிலிருந்து என் மைத்துனர் விசாரித்து எழுதினார். அதனால் இந்தத் துணிச்சல்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். எங்கள் உர ஆலையில் நிலக்கரியை வாயுவாக்கும் உலை உனக்குத் தெரிந்ததுதான். நீயே வந்து உள்ளே இறங்கிப் பார்த்திருக்கிறாய். அதன் உட்சுவரை இப்போது உருகிய சாம்பல் அரித்துக்கொண்டே வருகிறது. ஒன்பது அங்குலக் கல் நான்கு அங்குலமாகிவிட்டது. ஜெர்மன் கல்லுக்கு எழுதினால், அந்நியச் செலாவணி அனுமதி, கப்பல் எல்லாம் சேர்த்துப் பதினாலு மாதம் என்கிறார்கள். உலை அதுவரை தாங்காது. அதை நிறுத்தினால் ஆலையே நின்றுவிடும். பராமரிப்புக்கு இப்போது நான்தான் தலைமை எஞ்சினீயர்.

1966-இல் நீ செய்தாயே, பாஸ்பாரிக் அமிலம் சேர்த்த கல், அதை மறுபடி செய்து தருவாயா? ஆயிரத்து இருநூறு கல் வேண்டும்.

சிதம்பரத்தில் படித்த நான்கு வருஷமும் ஒரே அறையில் இருந்தோம். அந்த உரிமையில் கேட்கிறேன். வேறு உரிமை எனக்கு இல்லை என்று தெரியும்.

அமீனுதீன்

*

விருத்தாசலம்,
20-11-1973

மதிப்பிற்குரிய தலைமை எஞ்சினீயர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதவி உயர்வுக்கு வாழ்த்துகள்.

என் வேலையைப் பற்றித் தாங்கள் விசாரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். விசாரித்தவர் முழுவதும் சொல்லவில்லை போலும். வேதியியலில் முதுகலை முடித்த நான் இங்கே ஊறுகாய் ஜாடிகளுக்குக் கிளேஸ் பூச்சு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜாடி முடிந்ததும் ஃப்யூஸ் கட்டை. கார்த்திகை மாதம் வந்தால் அகல்விளக்கு. உலைக்கல் பிரிவை முதலாளி ஏழு வருஷத்துக்கு முன்பே மூடிவிட்டார். காரணம் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அது தங்கள் கையெழுத்துடன் வந்த காகிதம்.

அந்த அறிக்கையின் கடைசி வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘பாஸ்பேட் சேர்த்த கல் வாயு உலைக்கு ஒவ்வாது.’

ஒவ்வாத கல்லை இப்போது எதற்குக் கேட்கிறீர்கள்?

சுவருக்குப் போன கல் இம்மியும் அசையவில்லை. விழுந்தது மேல் வளைவு ஒன்றுதான். அறிக்கை எழுதியவருக்கு அது தெரியும். புதுக் கல் பதித்த உலையை ஐந்து நாள் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எத்தனை நாளில் ஏற்றினீர்கள்? இந்த ஒரு கேள்விக்குத்தான் ஏழு வருஷமாகக் காத்திருக்கிறேன். பதில் வந்தால் கல்லைப் பற்றிப் பேசலாம்.

தங்கள் உண்மையுள்ள,
சக்கரபாணி

*

பெல்லம்பள்ளி,
3-12-1973

சக்கரபாணி,

‘தங்கள்’ என்று எழுத உனக்கு எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு அழகாகக் கோபப்பட வராது.

வளைவு விழுந்த அன்று நான் வாசலில் நின்றேன். பத்தொன்பது நாள் ஓடிய உலையை ஆறவிட்டு, பார்த்து வரச் சொல்லி ராஜமாணிக்கம் கொத்தனாரை உள்ளே அனுப்பியது நான். உங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் என்று அவரை அழைத்து வந்ததும் நான்தான். கல் சரிந்த சத்தத்துக்குப் பிறகு அவர் கூப்பிட்ட சத்தம் கேட்டது. என் பெயரைத்தான் கூப்பிட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது.

கான்ட்ராக்டர் மறுநாளே, கொத்தன் சாந்து சரியாக வைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து அவர் பெயரை அடித்துவிட்டான். சாந்தில் குறையில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீயும் நானும் கல்லைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

நீ கேட்ட கேள்விக்குக் கடிதத்தில் பதில் எழுத முடியாது. நேரில் வந்தால் சொல்கிறேன்.

அமீன்

*

(தபால் அட்டை)

விருத்தாசலம், 10-12-1973

ஐயா, கடிதத்தில் எழுத முடியாத பதிலுக்கு லாரியில் அனுப்ப முடியாத கல்தான் கிடைக்கும். சக்கரபாணி.

*

பெல்லம்பள்ளி,
17-1-1974

சக்கரபாணி,

ஒரு மாதம் யோசித்தேன். நேற்று உலைச் சுவரின் வெளித் தகடு ஓரிடத்தில் சிவந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி ஆற்றிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு ஷிப்டிலும் எட்டுப் பேர் நிற்கிறார்கள். இனியும் என் மானத்தைக் கட்டிக் காத்துக்கொண்டிருக்க முடியாது.

எழுதுகிறேன், வைத்துக்கொள்.

ஐந்து நாள் சூடேற்ற வேண்டிய உலையை இரண்டே நாளில் ஏற்றினேன். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். மேலே இருந்தவர் வாயால்தான் சொன்னார், காகிதத்தில் எதுவும் தரவில்லை. மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது நான் வேலை நிரந்தரமாகாத உதவி எஞ்சினீயர். கல்யாணமாகிக் கமருன்னிசாவும் இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விபத்துக்குப் பிறகு வெப்பக் குறிப்பேட்டின் பக்கங்களை ஐந்து நாள் கணக்கு வருகிற மாதிரி மாற்றி எழுதினேன். பிறகு அந்த அறிக்கை. கல்லின் மேல் பழியைப் போட்டால் மனிதர் யாருக்கும் சேதமில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்தக் கல்லுக்குப் பின்னால் நீ நின்றுகொண்டிருந்தாய்.

இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். அதற்காகத்தான் முழுப் பெயரில் கையெழுத்துப் போடுகிறேன்.

மு. அமீனுதீன்

*

விருத்தாசலம்,
2-2-1974

அமீன்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான்காவது முறை படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏழு வருஷம் ஒருவனைப் பைத்தியக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில், நான் சொன்னது சரி என்று ஒரு காகிதம் வந்திருக்கிறது.

கல் செய்து தருகிறேன். முதலாளியிடம் பேசிவிட்டேன். அவர் உலைக்கல் பிரிவை மறுபடி பெரிதாகத் திறக்கும் யோசனையில் இருக்கிறார். அதற்கு ஒரு மேலாளர் வேண்டும். பழைய அறிக்கை ஒன்றுதான் எனக்குத் தடை. உன் கல் தயாரானதும் உன் கடிதத்தை அவர் மேஜையில் வைப்பேன். உன் ஆலைக்கும் ஒரு பிரதி போகும். எனக்குக் கிடைக்காத இரக்கத்தை என்னிடம் எதிர்பார்க்காதே.

வேலை விஷயம். அமிலத்தின் அளவைக் கூட்ட வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அமிலம் அலுமினாவோடு சேர்ந்து, கொஞ்சம் சூட்டிலேயே கல்லை இறுக்கி, உருகிய சாம்பல் உள்ளே ஊறாமல் தடுக்கும். அது நல்லதுதான். ஆனால் உன் உலைக்குள் இருக்கும் வாயு அதிக சூட்டில் பாஸ்பரஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டு போகும். அளவுக்கு மேல் போட்டால் அத்தனையும் போன பிறகு கல் பொரபொரத்துவிடும். பழைய அளவே போதும்.

கலவைக்குப் பாவாடைதான் வருகிறார், அதே ஆள். கலந்த மாவை ஒரு நாள் முழுக்க ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்து, மறுநாள் கிண்டித்தான் அச்சில் அடிப்போமே, அதற்கு அவர் இன்னும் ‘புளிக்கப் போடறது’ என்றுதான் சொல்கிறார். “என்னா சார், ஏழு வருசம் கழிச்சி மறுபடியும் இட்டிலி மாவா?” என்று சிரிக்கிறார்.

ராஜமாணிக்கம் மங்கலம்பேட்டையில் பேக்கரி அடுப்பு ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். உன் உலைக்கு அவரைப் போல வளைவு கட்ட ஆள் கிடையாது என்பதால் போய்க் கேட்டேன். காலை நீட்டி உட்கார்ந்தபடியே கல் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை.

“நா வரலைங்க” என்றார்.

“ஏன், கால்னாலயா?”

“காலு என்னாங்க காலு. அன்னைக்கு அந்தக் கல்லு சத்தம் சரியில்லைன்னு சொன்னேன். நீங்க என்னா சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?”

இருந்தது. வளைவுக்கு வந்த கல்லைக் கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘தேங்காய் வாங்க வந்தியா நீ? சோதனைச்சாலைல நசுக்கிப் பாத்து அனுப்பின கல்லுய்யா அது’ என்று பத்துப் பேர் முன்னால் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். மனதில் வைத்துக்கொள்கிற ஆள்.

சக்கரபாணி

*

பெல்லம்பள்ளி,
19-2-1974

சக்கரபாணி,

பிரதி அனுப்பு. தடுக்க மாட்டேன். கல் பதித்து முடியும் வரை மட்டும் பொறு. என்னை இப்போதே தூக்கிவிட்டால் உன் கல்லை ஐந்து நாள் சூடேற்ற இங்கே ஆள் இருக்காது. ஆறாவது நாள் அனுப்பு. கமருன்னிசாவிடம் சொல்லிவிட்டேன். “அப்ப ஊருக்குப் போயிடலாம், நம்ம வூடு இருக்குது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாளிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. மனதில் வைத்துக்கொள்கிற ஆள் என்று ராஜமாணிக்கத்தைச் சொன்னாயே. எழுதும்போது உனக்கே சிரிப்பு வரவில்லையா?

அமீன்

*

விருத்தாசலம்,
12-4-1974

அமீன்,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன். இதுவும் சரியாக வராது. அப்படியே படி.

போன சனிக்கிழமை மதியம் நான் ஜாடிப் பக்கம் போயிருந்தேன். புதிதாகக் கலந்த மாவில் ஒரு கூடை மிச்சம். மறுநாள் லீவு, வீணாகுமே என்று பாவாடை அதைச் சாக்கு போடாமல் அப்போதே அச்சில் அடித்து ஒன்பது கல் ஆக்கிவிட்டார். திங்கட்கிழமை காலை அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன். மற்ற கல் எல்லாம் நுழைந்தன. அந்த ஒன்பதும் நுழையவில்லை. ஒரு காசு கனம் கூடுதல்.

“அச்சு தேஞ்சிடிச்சு பாவாடை, மாத்தணும்” என்றேன்.

“அதே அச்சுதான சார் மத்த கல்லுக்கும்? அது மட்டும் எப்பிடி சரியா இருக்குது?” என்றார்.

அச்சைக் கழுவி அளந்தேன். ஒரு நூல்கூடத் தேயவில்லை. கல் ஒன்றை உடைத்தேன். உள்ளே பரோட்டா போல ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

பாவாடை எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்: “புளிக்காம அடிச்சா இப்பிடித்தான் போல. அந்த வருசமும் கடைசி லாட்டுக்குப் புளிக்கப் போடலயே சார். லாரி ஒரு நாள் முன்னாடியே வந்து நின்னுகினு ஆரன் அடிச்சான். நீங்கதான் ‘பரவாயில்ல, அடிங்க’ன்னீங்க.”

வீட்டுக்குப் போய் 1966-ஆம் வருஷத்து நோட்டை எடுத்தேன். ஜூலை பதினாலாம் தேதிப் பக்கத்தில், என் கையெழுத்தில், இப்படி இருந்தது: ‘கடைசி 380 கல் அளவு சற்றுக் கூடுதல். அச்சு தேய்மானம். மாற்ற வேண்டும்.’

அந்த அச்சை நான் மாற்றவே இல்லை அமீன். இந்த வருஷக் கல்லும் அதே அச்சில்தான் அடித்தோம்.

காரணம் இப்போது தெரிகிறது. அரைக்கும் இரும்பு உருளையிலிருந்து மாவில் இரும்புத் தூள் சேருகிறது. அமிலம் பட்டதும் இரும்பிலிருந்து வாயு கிளம்பும். ஒரு நாள் சாக்கின் கீழே கிடந்தால் அந்த வாயு வெளியே போய்விடும். உடனே அடித்தால் கல்லுக்குள் அடைபட்டுக் கல்லைப் பிரித்துவிடும். அந்த ஒரு நாள், ஈரம் சமமாகப் பரவுவதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். நசுக்கிப் பார்க்கச் சோதனைச்சாலைக்கு அனுப்பிய கற்களோ முந்தைய லாட்டிலிருந்து எடுத்தவை. கடைசி லாட்டில் ஒரு கல்லைக்கூட நான் உடைத்துப் பார்க்கவில்லை.

கடைசி லாரியில் வந்த கல் எங்கே போனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவர் நின்றது. வளைவு விழுந்தது. உன் இரண்டு நாள் சூடு மட்டுமே காரணம் என்றால் சுவரிலும் ஒரு கீறலாவது விழுந்திருக்க வேண்டும். இதை உனக்கு முதல் கடிதத்தில் நானே எழுதினேன், உன்னைக் குத்திக் காட்டுவதற்காக. உன் அவசரம் அந்த வளைவைச் சீக்கிரம் விழச் செய்திருக்கலாம். ஆனால் விழக்கூடிய கல்லைச் செய்து அனுப்பியது நான்.

இது உனக்குத் தெரியாது. அதைச் சொன்ன பாவாடைக்கே அதன் அர்த்தம் புரியாது. உன் கடிதம் என் பெட்டியில் இருந்தது. முதலாளி முந்தாநாள்கூட, “என்னங்க, அந்தக் காயிதம் காட்டறேன்னீங்களே” என்று கேட்டார். ஒரு நாள் பூராவும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கொடுத்திருக்க முடியும். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

கொடுக்கவில்லை. நோட்டைத்தான் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “சரிங்க, அந்த வேலைக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆளப் பாக்கறேன். நீங்க இந்த ஆர்டரை முடிச்சுட்டு ஜாடிய கவனிங்க” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கிழித்துவிடு. கமருன்னிசாவைப் பாத்திரங்களை அவிழ்க்கச் சொல்.

ஒன்று பாக்கி. கல் சத்தம் சரியில்லை என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது அந்த ஏடுகளுக்கு நடுவே இருந்த காற்றைப் பற்றி. நான் தேங்காயைப் பற்றிப் பேசினேன்.

சக்கரபாணி

*

பெல்லம்பள்ளி,
22-4-1974

சக்கரா,

கடிதம் வந்து சேர்ந்தது. கிழிக்கவில்லை. நான் செய்தது செய்ததுதான், அதை நீ திருப்பி அனுப்பிவிட்டதால் இல்லாமல் போகாது. அந்த லாரியை ஒரு நாள் முன்பே அனுப்பியதும் நான்தான். உனக்குத் தெரியுமோ என்னவோ. திறப்பு விழா அவசரம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இங்கே ஒரு காகிதம் எழுதி என் மேலதிகாரியிடம் கொடுத்திருக்கிறேன். சூட்டைப் பற்றி என் பங்கு, கல்லைப் பற்றி உன் பங்கு, சாந்தில் எந்தக் குறையும் இல்லை என்று மூன்றாவது பத்தி. உன் கையெழுத்துக்கு இடம் விட்டு ஒரு பிரதி இதோடு வருகிறது. மூன்றாவது பத்தியைப் பெரிய எழுத்தில் டைப் அடிக்கச் சொன்னேன். மேலதிகாரி படித்துவிட்டு, உலை வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். என்ன பார்ப்பார் என்று தெரியவில்லை. இப்போதைக்கு யாரும் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. கமருன்னிசா ஒரு சாக்கை மட்டும் அவிழ்த்திருக்கிறாள்.

மே மாதம் ரயில் வேலைநிறுத்தம் என்று பேசிக்கொள்கிறார்கள். கல்லை ரயிலில் போடாதே. வேப்பூர் வழியாக லாரியே வரட்டும். இந்தத் தடவை எப்போது கிளம்ப வேண்டும் என்று நீ சொல்கிற நாளில் கிளம்பட்டும்.

வளைவு கட்ட எனக்கு இன்னும் ஆள் இல்லை.

அமீன்

*

விருத்தாசலம்,
11-5-1974

அமீன்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு பிரதியைக் கான்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ராஜமாணிக்கத்தின் வீட்டுக்குப் போனேன். மனைவி நீலாவதி, “அவுரு குளிக்கறாரு, உக்காருங்க” என்று ஸ்டூல் போட்டார். அவர் வந்ததும் காகிதத்தை நீட்டினேன். எனக்குப் படிக்க வராது, நீங்களே படியுங்கள் என்றார். முழுவதும் நின்றுகொண்டே படித்தேன். முதல் இரண்டு பத்திகளை என் குரலில் என் காதால் கேட்பது அவ்வளவு சுலபமாக இல்லை. மூன்றாவது பத்தி வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தி, “ஏ நீலா, இங்க வா. சார், அதை மட்டும் இன்னொரு தடவ படிங்க” என்றார். படித்தேன்.

தேங்காய் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்கவும்தான் போயிருந்தேன். வாயில் வரவில்லை. என்ன மாதிரி ஆள் நான் என்று உனக்குத் தெரியும். கடைசியில், “லாரில ஏத்தறதுக்கு முன்னாடி கல்லையெல்லாம் நீங்க ஒரு தடவ தட்டிப் பாக்கணுங்க” என்று மட்டும் சொன்னேன். அவரிடம் நான் ‘நீங்க’ என்றது அதுதான் முதல் தடவை. அவர் நீலாவதியைப் பார்த்தார்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குத் தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி. “தேங்கா தட்டலாங்களா சார்?” என்றார். பாவாடை பயந்து என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவரும் சிரித்தார்.

ஆயிரத்து இருநூறு கல்லையும் உட்கார்ந்தபடியே தட்டினார். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தவன் நான். “இது வெங்கலம். இதுவும் வெங்கலம். இது பூசணிக்கா, தள்ளி வைங்க.” பதினொரு கல்லைத் தள்ளினார். அவற்றில் பத்துக் கல்லில் ஏதோ குறை இருப்பது எனக்கும் தெரிந்தது. பதினோராவதை நான் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. எடை சரியாக இருந்தது. நானும் தட்டினேன், மற்றவை போலத்தான் கேட்டது.

“இது நல்லாத்தான இருக்குது?” என்றேன்.

“இல்லீங்க” என்றார். அவ்வளவுதான். அடுத்த கல்லுக்குக் கை நீட்டினார்.

அவரும் லாரியிலேயே வருகிறார். டிரைவருக்குப் பக்கத்தில் காலை நீட்ட இடம் விடச் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் கிளம்பும். ஐந்து நாள் சூடேற்று. அவர் வளைவை முடித்த பிறகு உள்ளே யார் போவதாக இருந்தாலும், அவருக்கு முன்னால் நீ போ.

அந்தப் பதினோராவது கல் என் மேஜை மேல் இருக்கிறது. பக்கத்திலேயே சுத்தியலும் இருக்கிறது. பாவாடை இரண்டு தடவை, “ஒடச்சிப் பாத்துடலாமா சார்?” என்று கேட்டுவிட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சக்கரா